இருட்டு மின்னோட்டம்

தரமணியில், மூன்றாம் மாடியில்,
மஞ்சள் விளக்கு எரியும் அந்த அறைக்குள்
எனக்குக் கண் மட்டும்தான் உண்டு.
மற்றதெல்லாம் வெள்ளை உடுப்புக்குள்.
பொட்டை வெளிக்கதவிலேயே ஒட்டிவிட்டு வர வேண்டும்.
நிலைச்சட்டத்தில் இருபது முப்பது பொட்டுகள்,
எது யாருடையதென்று தெரியாது.
பவுடர் கூடாது, பூ கூடாது,
சிகரெட் பிடித்து அரைமணி ஆகாதவன் மூச்சும் கூடாது.
வாகீசன் பலநாள் வாசலோடு திரும்பியிருக்கிறான்.

இந்த நகரத்தின் மிகச் சுத்தமான தண்ணீர்
எங்கள் தொட்டியில் ஓடுகிறது.
உப்பில்லை, உயிரில்லை, ருசியில்லை.
பதினெட்டு மெகாஓம் என்று மீட்டர் சொல்லும்வரை
ஓடவிட்டுக்கொண்டே இருப்போம்.
உள்ளங்கை அகலச் சில்லு ஒன்றைக் கழுவ
நாற்பது லிட்டர்.
கணக்குப் போடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே
போட்டுவிடுவேன்:
மூன்று குடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அமிலத்தில் முக்கி எடுத்தால்
சிலிக்கானின் மேல்தோல் போய்விடும்.
அப்புறம் அதில் தண்ணீர் நிற்காது.
காய்ந்த தோசைக்கல்லில் துளி ஓடுமே
அப்படி, ஆனால் சூடில்லாமல்.
ஓடினால் சுத்தம்.
நின்றால் இன்னொரு முறை, இன்னொரு நாற்பது.

அதன்மேல் ஜெர்மேனியம் வளர்க்கிறோம்.
வளர்ப்பது என்றுதான் சொல்கிறோம்,
நாயை, தாடியை, கடனைச் சொல்வதுபோல.
வெற்றிடத்தில் அணு ஒவ்வொன்றாய் வந்திறங்க
கீழ்வரிசை இடம் காட்டுகிறது.
சிக்கல் ஒன்றுதான்,
வருகிறவனுக்கு உடம்பு
நூற்றுக்கு நாலு பங்கு பெரிது.
வேளச்சேரி ரயிலில் மூவர் இருக்கையில் நாலாவது ஆள்.
முதல் சில அடுக்குகள்
தோளைக் குறுக்கிப் பொறுத்துக்கொள்ளும்.
அப்புறம் எங்கோ ஒரு வரிசை அறும்.

அறுந்த இடத்தை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன்.
தையல் விட்ட ஜாக்கெட் மாதிரி.
அதன் வழியே
வெளிச்சமே இல்லாதபோதும் மின்சாரம் கசியும்.
இருட்டு மின்னோட்டம் என்று பெயர்.
பார்க்க எதுவுமில்லாதபோதும்
பார்த்தேன் பார்த்தேன் என்று சொல்லும் கண்.
பிப்ரவரியிலிருந்து
சூடேற்றி ஆறவைத்து, சூடேற்றி ஆறவைத்து
நூற்றுப் பதினேழு சில்லுகள்.
அதில் ஆறு, கரண்ட் போய் ஜெனரேட்டர் எழும்
ஒன்பது நொடியில் செத்தவை.
மே மாதம் குளிரூட்டிக்கே தண்ணீரில்லாமல்
ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

நேற்று ராத்திரி நூற்றுப் பதினெட்டு.
வெளி அறையில் கறுப்புப் பெட்டிக்குள் வைத்து
ஓரமெல்லாம் கறுப்பு டேப் ஒட்டி
விளக்கை அணைத்து
கணினித் திரையையும் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்தேன்.
கோடு படுத்தே கிடந்தது,
நானோஆம்பியருக்கும் கீழே.
நம்பாமல் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன்.
மூன்றரை மணி. படுத்தே கிடந்தது.
பக்கத்து நாற்காலியில் பெலிக்ஸ்
வாய் திறந்து தூங்கினான்.

நாலு பன்னிரண்டுக்கு ஒரு மேடு.
பெரிதில்லை, எறும்புப் புற்று அளவு.
ஐந்து நொடி நின்று இறங்கியது.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
வயிற்றைக் கலக்கியது.
போச்சு, இதுவும்.
இருட்டில் டேப்பைத் தடவிக்கொண்டே போனேன்.
மூலையில்
நகம்கூட நுழையாத ஓர் இடைவெளி.
அதற்கு எதிரே மேஜையில்
குப்புறப் போட மறந்த என் போன்.

கீழ்வீட்டு நசீமா:
‘லாரி வந்துடுச்சு.’
‘உங்க குடத்தையும் வரிசையில வெச்சிருக்கேன். எத்தனை?’

திரையில் இரண்டு மேடுகள்,
தேதியோடு, நேரத்தோடு.
பெலிக்ஸை எழுப்பவில்லை.
இடைவெளியை ஒட்டவுமில்லை.
போனை எடுக்காமல், இருந்த இடத்திலேயே வைத்து
ஒற்றை விரலால் அடித்தேன்:
மூணு.

அடித்து முடிக்கும்வரை
கோடு எழுந்தே நின்றது.